என் பங்கை மட்டும் சுடுகிறேன்: ஓல்ட் பெட் என்ற பிடியின் வரவு செலவு

1808 ஆகஸ்ட் 13 அன்று நியூயார்க் மாநிலத்துச் சோமர்ஸ் என்ற சிற்றூரில் மூன்று பேர் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். ஹக்கலையா பெய்லி ஒரு தரப்பு; ஆண்ட்ரூ பிரவுனும் பெஞ்சமின் லென்ட்டும் மறுதரப்பு. பின்னவர்கள் ஆளுக்கு 1,200 டாலர் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக, அந்த மாதம் முதல் தேதி தொடங்கி ஓராண்டுக்கு ஒரு யானையின் 'பயன்பாட்டில்' மூன்றில் இரண்டு பங்கு அவர்களுடையது. செலவிலும் அதே விகிதம்: பெய்லிக்கு ஒரு பங்கு, மற்ற இருவருக்கும் இரண்டு பங்கு.

அந்த யானையைப் பெய்லி ஆயிரம் டாலருக்கு வாங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. அது சரியென்றால், வாங்கிய விலையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு பணம் ஒரே ஆண்டின் குத்தகையாக வந்திருக்கிறது. அதுவும் முழு யானைக்கு இல்லை, மூன்றில் இரண்டு பங்குக்கு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நம் ஊரில் சொல்வதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்ன பேச்சு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். இந்த ஒப்பந்தத்தின் வாசகத்தைப் படித்தபோது, குறைத்தல்லவா சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

யானையின் பெயர் ஓல்ட் பெட். எட்டு ஆண்டுகள் கழித்து, 1816 ஜூலை இறுதியில், ஆல்ஃப்ரெட் என்ற ஊரின் சாலையோரத்தில் ஒருவர் மறைந்திருந்து அதைச் சுட்டுக் கொன்றார். அமெரிக்கச் சர்க்கஸ் யானைகளின் நெடிய கதையில் முதலில் நினைவுக்கு வரும் கொலை இதுதான். யார் சுட்டார் என்பதைவிட, எதற்காகச் சுட வேண்டியிருந்தது என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கு விடை தேட, காட்சி எப்படி நடந்தது, பணம் எப்படிச் சேர்ந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கப்பலில் வந்த முதல் யானை

அமெரிக்கா முதன்முதலில் யானையைப் பார்த்தது 1796 ஏப்ரலில். மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரத்தின் கப்பல் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜேக்கப் கிரவுனின்ஷீல்ட் வங்காளத்தில் 450 டாலருக்கு இரண்டு வயதுக் குட்டி ஒன்றை வாங்கி, 'அமெரிக்கா' என்ற கப்பலில் ஏற்றினார். ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் 5,000 டாலராவது தேறும் என்று சகோதரர்களுக்குக் கடிதம் எழுதினார். இந்தத் திட்டத்தைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை, நான் யானைக்காரனாகவே மாறிவிடுகிறேன் என்ற பொருளில் ஒரு வரியும் அதில் இருக்கிறது. சிரித்தவர்கள் ஏமாந்தார்கள். நியூயார்க்கில் அது 10,000 டாலருக்கு விலைபோனது.

அந்தப் பயணத்தில் கப்பலின் குறிப்பேட்டை எழுதிய அதிகாரிகளில் ஒருவர் நத்தானியல் ஹாதோர்ன். பிற்காலத்தில் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஹாதோர்னின் தந்தை. செயின்ட் ஹெலினா தீவில் கப்பல் நின்றபோது பூசணியும் முட்டைக்கோசும் மீனும் ஏற்றியதை எழுதிவிட்டு, யானைக்குப் பசுந்தழை ஏற்றியதையும் எழுதுகிறார். 'யானை கப்பலில் இருக்கிறது' என்பதைப் பெரிய எழுத்துகளில் தனியாக எழுதியிருக்கிறார். நெடுநாள் அந்தக் குட்டியோடு ஒரே கப்பலில் இருந்த மனிதருக்கும் வியப்பு அடங்கவில்லை போலிருக்கிறது.

அடுத்த ஆண்டு அந்த யானை பாஸ்டனுக்கும் சேலத்துக்கும் வந்தது. பாஸ்டனில் ஒட்டிய விளம்பரத்தாள் இன்றும் கிடைக்கிறது. பெரியவர்களுக்குக் கால் டாலர், பிள்ளைகளுக்கு அதில் பாதி. சில நாட்களில் முப்பது பாட்டில் போர்ட்டர் பீர் குடித்திருக்கிறது, கார்க்கைத் துதிக்கையாலேயே பிடுங்கும் என்கிறது விளம்பரம். கூடவே ஓர் எச்சரிக்கை: யானை முக்கியமான காகிதங்கள் பலவற்றைப் பாழாக்கியிருப்பதால், அப்படிப்பட்ட காகிதங்களோடு யாரும் அருகில் வர வேண்டாம். துதிக்கை எந்தப் பைக்குள்ளும் நுழையும் என்பதை யாரோ ஒரு வணிகர் பத்திரத்தைப் பறிகொடுத்துக் கற்றிருக்க வேண்டும்.

சேலத்தில் அதைப் பார்த்த வில்லியம் பென்ட்லி என்ற பாதிரியார் 1797 ஆகஸ்ட் 30 தேதியிட்ட நாட்குறிப்பில் எழுதியிருப்பது, அந்தக் காலத்துக் காட்சியை நமக்குப் பக்கத்திலிருந்து காட்டுகிறது. நெரிசலில் சரியாகப் பார்க்க முடியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே அவர் கவனிக்கிறார். உயரம் ஆறடி நான்கு அங்குலம். தோல் சற்றுமுன் எண்ணெய் தடவியதுபோல் கறுப்பு. உடலெங்கும் குட்டை மயிர். படுக்கச் சொன்னால் படுக்கவில்லை. பாகன் மீண்டும் மீண்டும் மேலே ஏற, அது மீண்டும் மீண்டும் அவரை உதறித் தள்ளியது. பார்வையாளர்களின் சட்டைப் பைகளிலிருந்து ரொட்டியை எடுத்துத் தின்றது. இத்தனையையும் 'அவன், அவன்' என்று எழுதிவிட்டு, கடைசியில் பென்ட்லி ஒரு திருத்தம் சேர்க்கிறார்: வழக்குப் பேச்சைப் பின்பற்றி அப்படிச் சொல்கிறோம், உண்மையில் இது பெண், முன்னங்கால்களுக்குப் பின்னே மடிக்காம்புகள் தெரிகின்றன.

களிறு, பிடி என்று தனித்தனிச் சொல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் வேடிக்கையாகத் தோன்றலாம். அந்த ஊருக்கோ யானை என்றால் ஒரே ஒரு யானைதான். பால் பிரித்துப் பேச அவசியமே இருந்ததில்லை.

இந்த முதல் யானையும் ஓல்ட் பெட்டும் ஒன்றேதானா என்பதில் வரலாற்றாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டும் வேறு என்ற பக்கமே சான்று கனக்கிறது. நம் ஆய்வுக்கு அது பெரிய பொருட்டில்லை. காட்சியின் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

பகலில் மறைப்பு, இரவில் நடை

பெய்லி அடிப்படையில் மாட்டு வியாபாரி. சோமர்ஸ் வட்டாரம் நியூயார்க் நகரத்துக்கு இறைச்சி மாடுகளை ஓட்டிச் செல்லும் வழியில் இருந்தது. விலங்குகளைக் கூட்டமாக நெடுந்தூரம் நடத்திச் செல்வது, வழியில் தீனி பார்ப்பது, சத்திரத்தில் தங்கிப் பேரம் பேசுவது எல்லாம் அவ்வூர்க்காரர்களுக்குக் கைவந்த கலை. யானைத் தொழில் வேறு எந்த ஊரிலும் இல்லாமல் அங்கே வேர்பிடித்ததற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன். உழவு வேலைக்காகத்தான் பெய்லி யானையை வாங்கினார், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைக் கண்டதும் மனம் மாறினார் என்று ஒரு கதை சொல்வார்கள். மாட்டு வியாபாரி ஒருவர் அவ்வளவு அப்பாவியாக இருந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அந்நாளில் சர்க்கஸ் வேறு, விலங்குக் காட்சி வேறு. சர்க்கஸ் என்றால் குதிரைமேல் நின்று சவாரி செய்வது, கயிற்றில் நடப்பது, கோமாளி. ஜான் பில் ரிக்கெட்ஸ் 1793-இல் பிலடெல்பியாவில் தொடங்கியது அதுதான். குடியரசுத் தலைவர் வாஷிங்டனே போய்ப் பார்த்தார். ஆனால் நாட்டின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்துப் பகுதியின் பக்திமான்களுக்கு அது ஆகாது. கனெக்டிகட்டில் 1773-லேயே கயிற்றாட்டம், பொம்மலாட்டம் முதலிய வேடிக்கைகளை ஒடுக்கச் சட்டம் போட்டிருந்தார்கள். யானையைப் பார்ப்பது அப்படியில்லை. கடவுளின் படைப்பை நேரில் காண்பது, பிள்ளைகளுக்குக் கல்வி என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். சர்க்கஸுக்கு அடைத்த கதவு யானைக்குத் திறந்தது. பிற்பாடு இரண்டு தொழிலும் ஒன்று சேர்ந்தபோது, யானையின் நிழலில்தான் சர்க்கஸ் ஊருக்குள் நுழைந்தது.

காட்சி நடக்கும் இடம் பெரும்பாலும் சத்திரத்துக் களஞ்சியம், இல்லையென்றால் துணித் தடுப்பு கட்டிய முற்றம். கூடாரம் அப்போது வரவில்லை. ஜோஷுவா பர்டி பிரவுன் கித்தான் கூடாரத்தில் சர்க்கஸ் நடத்தியது 1825-இல்தான். வித்தைகளும் எளியவை. மண்டியிடுதல், துதிக்கையில் ஆளைத் தூக்கி இறக்குதல், பாட்டிலின் கார்க்கைப் பிடுங்கிக் குடித்துவிட்டு வெறும் பாட்டிலைப் பாகனிடம் திருப்பித் தருதல். ஒற்றை யானையையும் ஒரு பாகனையும் வைத்துக்கொண்டு, எந்தச் சாதனமும் இல்லாமல் செய்யக்கூடியது இவ்வளவுதான்.

உண்மையான வித்தை காட்சிக்கு வெளியே நடந்தது. பார்ப்பதற்குத்தான் காசு. யானையோ பெட்டியில் வைத்து மூடிக் கொண்டுபோகும் சரக்கில்லை. பட்டப்பகலில் சாலையில் நடத்திச் சென்றால் வழிநெடுக ஊரே இலவசமாகப் பார்த்துவிடும். ஆகவே காட்சி முடிந்ததும் இருட்டில் கிளம்பி, விடிவதற்குள் அடுத்த ஊரின் களஞ்சியத்தில் அடைத்துவிடுவார்கள். பத்து, பதினைந்து மைல் நடை. கட்டை வண்டிகளுக்காகப் போட்ட பலகைப் பாலங்களில் யானை முன்காலை வைத்து அழுத்திப் பார்க்கும். பிடிக்காவிட்டால் எவர் சொன்னாலும் ஏறாது, ஆற்றில் இறங்கித்தான் கடக்கும். காசு கொடுக்க மனமில்லாதவர்கள் சாலையோரத்தில் தீ மூட்டிக் காத்திருந்தார்கள் என்றும் கதைகள் உண்டு. காலையில் எழுந்தவர்களுக்கு மிஞ்சுவது சாலையில் கிடக்கும் லத்தியும், ஈர மண்ணில் தாம்பாளம் தாம்பாளமாகப் பதிந்த கால்தடமும்தான். அதைவிட நல்ல விளம்பரத்தை எந்த அச்சகமும் அடித்துத் தர முடியாது.

பங்காளிகளுக்குள் சச்சரவு வந்ததற்கும் ஒரு கதை இருக்கிறது. யானையை ஓட்டிக்கொண்டு போன கூட்டாளி ஒருவர் பெய்லியின் பங்கை அனுப்பவே இல்லையாம். பெய்லி துப்பாக்கியோடு தேடிப்போய் யானையைக் குறிபார்த்து நின்றார். கூட்டாளி பதறிப்போய், யானையில் பாதி என்னுடையதாயிற்றே என்று அலற, "நான் என் பாதியை மட்டும்தான் சுடப் போகிறேன்" என்றாராம் பெய்லி. பணம் உடனே வந்துவிட்டது. நடந்ததோ இல்லையோ, இந்தக் கதை இருநூறு ஆண்டுகளாகச் சாகாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. காகிதத்தில் மூன்றாகப் பங்கு போட்ட பொருளுக்கு உயிர் ஒன்றுதான் என்பதை அது சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறது.

ஆல்ஃப்ரெட், 1816

ஆல்ஃப்ரெட் இன்று மேய்ன் மாநிலத்தில் இருக்கிறது. அப்போது மேய்ன் தனி மாநிலமில்லை; 1820 வரை மாசசூசெட்சின் ஒரு பகுதி. பாறை நிலம், குறுகிய கோடை, கைக்கும் வாய்க்குமான விவசாயம்.

அந்த ஆண்டில் கோடையே வரவில்லை. முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியத் தீவான சும்பாவாவில் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசி வானத்தை மூடியிருந்தது. உலகத்தின் மறுகோடியில் இருந்த மேய்ன் விவசாயிக்கு அந்தக் காரணமெல்லாம் தெரியாது. ஜூனில் பனி பெய்தது, ஜூலையிலும் உறைபனி விழுந்தது, முளைத்த மக்காச்சோளம் கருகியது என்பது மட்டும் தெரியும். இது கடவுளின் தண்டனை என்று நம்பியவர்கள் இருந்தார்கள். நிலத்தை விட்டுவிட்டு மேற்கே ஒஹாயோ பக்கம் போனவர்களும் இருந்தார்கள்.

அந்த ஜூலையில் யானை வருகிறது. ஊரில் இருக்கும் கொஞ்ச நஞ்சக் காசையும் திரட்டிக்கொண்டு இரவோடு இரவாகப் போகிறது. பண்டமாற்றில் ஓடும் கிராமத்தில் ரொக்கம் அரிது. வரி கட்டவும் கடையில் உப்பும் இரும்பும் வாங்கவும் மட்டும் அது வெளியே வரும். குடும்பத்தோடு யானை பார்க்கக் கொடுத்த காசு அந்த ஊருக்குத் திரும்பி வராத காசு.

காட்சி முடித்து ஊரை விட்டுக் கிளம்பியபோது, சாலையோரத்தில் பதுங்கியிருந்தவர் சுட்டார். பிடி விழுந்தது. சேலத்தில் முன்பு யானையைப் பார்த்து எழுதிய அதே பென்ட்லி பாதிரியாருக்குச் செய்தி எட்டியதும் நாட்குறிப்பில் பதிந்தார்: செலவழிக்க வக்கில்லாதவர்களிடமிருந்து பணத்தை எடுத்தது என்பதற்காக அந்தப் பாவப்பட்ட யானையை மேய்னில் கொன்றுவிட்டார்கள். பணத்தை எடுத்தது யானையாம். பெய்லியோ கூட்டாளிகளோ அந்த வாக்கியத்தில் இல்லை.

மதவெறி என்று சிலர் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். வேடிக்கையில் காசைக் கரைப்பது பாவம் என்ற எண்ணம் அந்த மண்ணில் ஆழமாக இருந்தது உண்மைதான். ஆனால் அதே எண்ணம் முந்தைய ஆண்டுகளிலும் இருந்தது. யானையும் ஆண்டுக்கணக்காக அதே மாதிரிச் சாலைகளில் நடந்துகொண்டுதான் இருந்தது. விளைச்சல் பொய்த்த ஆண்டில் துப்பாக்கி வெடித்திருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. சுட்டவருக்கு உரிமையாளரோடு பகை எதுவும் இருந்ததாகச் சொல்லப்படவில்லை. பணம் போவது கண்ணுக்குத் தெரிந்த உருவத்தில் நடந்துபோனது, அதை அவர் சுட்டார். மறைத்து மறைத்துக் காசாக்கிய தொழிலில் யானை மட்டும்தான் மறைக்க முடியாத அளவில் இருந்தது.

இருட்டில் தனிச் சாலையில் ஒரு பாகனோடு நடத்திச் செல்வது வரும்படியைக் காத்தது. யானையைக் காக்கவில்லை.

இறந்த பிறகு

பழமொழியின் இரண்டாம் பாதி இங்கே தொடங்குகிறது. எலும்பையும் தோலையும் அள்ளிக்கொண்டு போனார்கள். 1817-இல் நியூயார்க்கின் அமெரிக்கன் மியூசியம் அவற்றை வாங்கிவிட்டதாக விளம்பரம் செய்தது. உயிரோடு இருந்தபோது பார்க்கத் தவறியவர்கள் இப்போது டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம். இனி தீனிச் செலவில்லை, இரவு நடையும் இல்லை.

பெய்லியும் தொழிலை விடவில்லை. வேறொரு பிடியை வாங்கினார். லிட்டில் பெட் என்று பெயர். விளம்பரத்தில் 'கற்றறிந்த யானை'. வித்தைப் பட்டியல் முன்னதைவிட நீளம். முன்னங்கால்களிலும் பின்னங்கால்களிலும் மாறி மாறி உடலை நிறுத்தும், சொன்னால் படுக்கும், உட்காரும், கேட்டால் சீட்டியும் அடிக்கும். 1826 மே மாதம் ரோட் ஐலண்டின் செப்பாச்செட் ஊரில் காட்சி முடிந்து, இரவில் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது, பக்கத்து மாவு ஆலையில் பதுங்கியிருந்த உள்ளூர் இளைஞர்கள் சுட்டுக் கொன்றார்கள். யானைத் தோலைக் குண்டு துளைக்காது என்று காட்சியில் பெருமையடித்ததைச் சோதித்துப் பார்த்தார்களாம். பத்தாண்டு இடைவெளியில் அதே உரிமையாளர், அதே இரவுப் பயணம், அதே பதுங்கல். ஆனால் இந்த முறை காரணத்தில் பஞ்சமும் இல்லை, பாவபுண்ணியமும் இல்லை. 1976-இல் அந்தப் பாலத்தருகே நினைவுப் பலகை வைத்தார்கள்.

சோமர்ஸில் பெய்லி 1820-க்கும் 1825-க்கும் இடையில் செங்கல்லால் ஒரு விடுதி கட்டி 'எலிஃபன்ட் ஹோட்டல்' என்று பெயர் வைத்தார். 1827-இல் அதன் முன்னே ஒரு கருங்கல் தூண் நிறுத்தி, உச்சியில் ஓல்ட் பெட்டுக்கு மரத்தில் ஒரு சிலை வைத்தார். அந்த விடுதியில்தான் 1835 ஜனவரியில் சுற்றுவட்டார விலங்குக் காட்சி முதலாளிகள் கூடி, மூன்று இலட்சம் டாலருக்கும் மேலான முதலீட்டில் ஒரு கூட்டு நிறுவனம் அமைத்தார்கள். மூன்று பேர் பங்கு போட்ட ஒற்றை யானை, கால் நூற்றாண்டில் அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது. 1837-இன் நிதி நெருக்கடியில் அது சரிந்தது வேறு கதை. பெய்லி 1845-இல் இறந்தார், குதிரை உதைத்து.

ஓல்ட் பெட்டின் எலும்பை வாங்கிய மியூசியத்தை 1841-இல் வாங்கியவர், பின்னாளில் சர்க்கஸ் முதலாளியாகப் புகழ்பெற்ற பி. டி. பார்னம். 1850-இல் அவரும் கூட்டாளிகளும் யானை பிடிக்க இலங்கைக்கே ஆளனுப்பினார்கள். அனுராதபுரத்துக் காடுகள் வரை போய், யானைகள் பலவற்றைக் கொன்று, சிலவற்றை உயிரோடு பிடித்து, உள்ளூர்ப் பாகன் ஒருவரோடு கப்பலேற்றினார்கள். 1851-இல் பத்து யானைகள் ஜோடி ஜோடியாகத் தேர் இழுத்துக்கொண்டு நியூயார்க் பிராட்வே வீதியில் பட்டப்பகலில் ஊர்வலம் போயின. இருட்டில் மறைத்து நடத்திய காலம் முடிந்துவிட்டது. பத்து யானையை யாராலும் ஒரே பார்வையில் இலவசமாகப் பார்த்துத் தீர்க்க முடியாது. தெருவில் பார்த்தவர் உள்ளேயும் வருவார் என்று பார்னம் கணக்குப் போட்டிருந்தார்.

சில ஆண்டுகள் சுற்றிய பின் அந்தக் கூட்டத்தை விற்றுவிட்டு ஒன்றை மட்டும் கனெக்டிகட்டில், பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த தம் பண்ணையில் வைத்துக்கொண்டார். ரயில் பாதையை ஒட்டிய ஆறு ஏக்கர் நிலம். பாகனுக்குக் கீழை நாட்டு உடை மாட்டி, கையில் ரயில் நேர அட்டவணையையும் கொடுத்தார். வண்டி வரும் நேரத்துக்குச் சரியாக யானை ஏர் இழுக்க வேண்டும். செய்தி நாடெங்கும் பரவியது. யானை உழவுக்கு லாபமா, என்ன தின்னும், எவ்வளவு இழுக்கும் என்று விவசாயச் சங்கங்களிலிருந்தெல்லாம் கடிதங்கள் குவிந்தன. பார்னம் பயந்துபோய், தயவுசெய்து வாங்காதீர்கள், குளிரில் அது வேலையே செய்யாது, தன் விலையை ஆண்டுதோறும் தானே தின்றுவிடும் என்று ஒரு சுற்றறிக்கையே அச்சடித்து அனுப்ப வேண்டியதாயிற்று.

பக்கத்து விவசாயி ஒருவர் நேரிலேயே வந்து வாதாடியதைப் பார்னம் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். என் மாடுகளைவிட இது அதிகம் இழுத்துவிடுமா, அப்படி எதைத்தான் இழுக்கும் என்று அவர் விடாமல் கேட்டார். இரண்டு கோடி அமெரிக்கர்களின் கவனத்தை என் மியூசியத்தின் பக்கம் இழுக்கும் என்றார் பார்னம். அந்த ஆறு ஏக்கரையே அறுபது தடவைக்கு மேல் உழுதுவிட்டபின், விளம்பரம் போதும் என்று முடிவு செய்து, யானையை வான் ஆம்பர்க்கின் விலங்குக் காட்சிக்கு விற்றுவிட்டார்.